‘வைத்தார்’ என்று எழுதுவதற்கு முன்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் என் மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அன்றுதான் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சுற்றுச்சுவருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கட்டு வெள்ளைத்தாள், மை ஒற்றி. 23 ஆண்டுகளாக அங்கே மனு எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன்பு ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சராக இருந்தேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, பிள்ளை சோறு போடவில்லை, முதலாளி கூலி தரவில்லை என்று எந்தக் குறையோடு யார் வந்தாலும் பேச்சின் நடுவில் ஒரு சொல் தவறாமல் வந்து விழும்: ‘வைத்துவிட்டார்’. கையெழுத்துப் போட வைத்துவிட்டார். வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார். ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

இந்தச் சொல்லை எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது, எழுதினால் பக்கத்தில் வேறு என்ன எழுத வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சொந்தமாக மனு எழுதுகிறவர்களுக்கும், ஊர்ச் செய்தி எழுதும் நிருபர்களுக்கும், பிறர் சொல்வதைக் கேட்டு அறிக்கை எழுத வேண்டிய செவிலியர், விடுதிக் காப்பாளர், ஆசிரியர் எல்லாருக்கும் இது உதவும்.

இந்த ஒரு சொல்லால் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் தள்ளிப்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எழுதியதும் நான்தான். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தம் வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறே மாதத்தில் சாப்பாடு நின்றுவிட்டது. ‘அவன் என்னை எழுதிக் கொடுக்க வைத்துவிட்டான் அம்மா’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பழக்கத்தில் எழுதும் வரியையே எழுதினேன்: ‘என் மகன் என்னைக் கட்டாயப்படுத்திப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தார்.’ விசாரணையில் அதிகாரி கேட்டார்: ‘மகன் உங்களை மிரட்டினாரா?’ பெரியவருக்குப் பொய் பேசத் தெரியாது. ‘இல்லை ஐயா. கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். நானே ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுக் கொடுத்தேன்.’ அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ‘இதில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே’ என்றார். அதற்கு மேல் அந்த மனுவின் மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படித்தார்.

பெரியவர் பேசியதில் ஒரு பிழையும் இல்லை. வாய்ப்பேச்சில் ‘வைத்துவிட்டான்’ என்றால் ‘அவனால்தான் இது நடந்தது’ என்ற அளவிலும் பொருள் கொள்ளலாம். முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். தாளில் முகம் இல்லை. அங்கே அந்தச் சொல் ‘விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தினான்’ என்று நிற்கும். அதைத் தாங்கும் சான்று பக்கத்தில் இல்லாவிட்டால் மனு முழுவதும் சாய்ந்துவிடும்.

முன்னால் நிற்கும் வினையைப் பாருங்கள்

வற்புறுத்தல் ‘வைத்தார்’ என்ற சொல்லுக்குள் இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் வினைதான் அதைக் கொண்டுவருகிறது.

சிரிக்க வைத்தார். தூங்க வைத்தாள். மிளகாய் நெடி தும்ம வைத்தது. வெயில் வியர்க்க வைத்தது. இவற்றைப் படிக்கும் யாருக்கும் கட்டாயம் என்ற எண்ணமே வராது. தொட்டிலை ஆட்டிக் குழந்தையைத் தூங்க வைத்த தாய் அந்தக் குழந்தையின் விருப்பத்தை மீறவில்லை. தூக்கம் என்பது கேட்டவுடன் ஒருவர் எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல. அது வருவதற்கு அவள் வழி செய்தாள்.

இப்போது இவற்றைப் படியுங்கள். ஓட வைத்தார். மன்னிப்புக் கேட்க வைத்தார். வேலையை விட வைத்தார். கையெழுத்துப் போட வைத்தார். படித்தவுடன் ஒருவருடைய கை இன்னொருவர் பிடரியில் இருப்பது போலத் தோன்றுகிறது. கையெழுத்து என்பது ஒருவர் மனம் வைத்துப் போடுவது. மனம் வைத்துச் செய்ய வேண்டிய ஒன்றை இன்னொருவர் ‘செய்ய வைத்தார்’ என்று எழுதினால், செய்தவருடைய மனம் அங்கே இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் அதைச் சொல்ல நினைக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்.

எந்த வினை எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் நான் பயன்படுத்தும் உரைகல் ‘மாட்டேன்’. ‘கையெழுத்துப் போடு’ என்று ஒருவர் சொல்கிறார். ‘போட மாட்டேன்’ என்று பதில் சொல்லலாம். அது தெளிவான மறுப்பு. ‘வியர்த்துக் காட்டு’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, ‘வியர்க்க மாட்டேன்’ என்று யாரும் மறுப்பதும் இல்லை. ‘விழ மாட்டேன்’ என்று சொல்லலாம். ஆனால் மரத்தில் நிற்கும் பையன் அப்படிச் சொன்னால் அவன் எதையும் மறுக்கவில்லை, ‘பயப்படாதீர்கள், கிளையைப் பிடித்திருக்கிறேன்’ என்று தைரியம் சொல்கிறான். ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை ‘அழ மாட்டேன்’ என்று சொல்வதும் அதே வகை உறுதிதான். ஆகவே ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அது மறுப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். மறுப்பாக நின்றால் அந்த வினையோடு வரும் ‘வைத்தார்’ ஒரு குற்றச்சாட்டு.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களும் வழி காட்டும். எனக்குப் பசித்தது, எனக்கு வலித்தது, எனக்குப் புரிந்தது. ‘நான் வலித்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. நம் விருப்பத்தைக் கேட்காமல் நமக்கு நேர்கின்றவற்றைத் தமிழ் பெரும்பாலும் ‘எனக்கு’ என்றே சொல்லும். அவற்றோடு ‘வைத்தார்’ சேர்ந்தால் கட்டாயம் வராது. ‘கணக்கை அவர்தான் எனக்குப் புரிய வைத்தார்’ என்று ஓர் ஆசிரியரை நன்றியோடு நினைக்கலாம்.

நடுவில் நிற்பவை

சிக்கல் இந்த இரண்டு எல்லைகளிலும் இல்லை, நடுவில்தான்.

‘உட்கார வைத்தார்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்’ என்றால் உபசாரம். ‘காலை பத்து மணிக்கு அழைத்துப் போய் இரவுவரை உட்கார வைத்தார்கள்’ என்றால் அடைத்து வைத்ததற்கு ஒப்பான காரியம். வினை ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றாகவே இருக்கலாம். நான் மனுதாரரிடம் கேட்பது இது: ‘நடுவில் எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?’ அவர் சொல்லும் பதிலை வாக்கியத்தில் சேர்த்துவிடுவேன். ‘சாப்பிடப் போக வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். அசையக் கூடாது என்றார்கள்.’ நேரம், கேட்டது, கிடைத்த பதில் மூன்றும் இருந்தால் ‘உட்கார வைத்தார்கள்’ என்பது எந்த வகை என்று படிப்பவருக்கு விளக்கவே வேண்டாம்.

‘நடக்க வைத்தார்’ இன்னொன்று. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த என் மாமியாரை இயன்முறை மருத்துவர் ஒருவர் இரண்டு மாதத்தில் நடக்க வைத்தார். முதல் நாள் அத்தை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். ஆனாலும் அது வற்புறுத்தல் அல்ல. கோயிலுக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும் என்ற ஆசை அத்தைக்கு இருந்தது, காலில் வலு இல்லை. இல்லாத வலுவை மருத்துவர் கொடுத்தார். வெயிலில் மைதானத்தைச் சுற்றி நடக்க வைக்கப்படும் மாணவனுக்கு வலு இருக்கிறது, விருப்பம்தான் இல்லை. ஆகவே ‘அவரிடம் எது இல்லாமல் இருந்தது’ என்று கேளுங்கள். வலுவா, அறிவா, வாய்ப்பா, விருப்பமா? விருப்பம் என்ற பதில் வரும் இடத்தில்தான் ‘வைத்தார்’ குற்றமாகிறது.

‘நம்ப வைத்தார்’ தனி வகை. நம்பு என்று அதட்டி ஒருவர் மனதில் நம்பிக்கையை உண்டாக்க முடியாது. அதனால் இதில் கட்டாயம் இல்லை, ஆனால் ஏமாற்றின் வாடை பலமாக இருக்கிறது. ‘நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான்’ என்று சொல்லிச் சொல்லி அந்த வாடை ஏறிவிட்டது. உண்மையைச் சொல்லி ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டியிருந்தால் இந்தச் சொல்லைத் தவிர்த்து ‘நம்பிக்கை கொடுத்தார்’ என்று எழுதுங்கள். பொய் சொல்லியிருந்தால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ‘சம்மதிக்க வைத்தார்கள்’ என்பதற்கு. பெண்ணைத் திருமணத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள் என்று செய்தித்தாளில் சாதாரணமாக அச்சாகிறது. நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவள் மனம் மாறியிருந்தாலும் இதே சொல். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, கல்லூரிக்கு அனுப்பாமல், தாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, கடைசியில் அவள் தலையை அசைத்திருந்தாலும் இதே சொல். இரண்டாவது நிகழ்ச்சிக்குச் ‘சம்மதம்’ என்ற சொல்லையே கொடுக்கக் கூடாது. சட்டமும் இந்த வேறுபாட்டைச் செய்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில் சம்மதம் என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, அடுத்த பிரிவிலேயே சுதந்திரமான சம்மதம் என்பதைத் தனியாக வரையறுக்கிறது. அந்தத் திருமணச் செய்தியில் தலையசைப்பையும் அதற்கு முன் நடந்ததையும் அப்படியே எழுதிவிடுங்கள். சம்மதமா இல்லையா என்பதைப் படிப்பவர் தெரிந்துகொள்வார்.

ஒரு கைரேகை, நான்கு வாக்கியங்கள்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மனுவில் கைரேகைதான் அடிக்கடி வரும். இடது கைப் பெருவிரல், நீல மை. ஒரே ரேகையைப் பற்றி நான்கு விதமாக எழுத வேண்டியிருக்கும். நான்கும் வேறு வேறு வழக்குகள்.

என் கையைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் ரேகையைப் பதித்துக்கொண்டார்கள். இங்கே மனுதாரர் எதையும் செய்யவே இல்லை. விரல் அவருடையது, செயல் மற்றவருடையது. ஆகவே இந்த இடத்தில் ‘வைத்தார்’ வரவே கூடாது. ‘ரேகை போட வைத்தார்கள்’ என்று எழுதினால் ரேகையைப் போட்டவர் மனுதாரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வீட்டைக் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டி ரேகை போட வைத்தார்கள். இப்போது போட்டவர் அவர்தான், அச்சத்தில் போட்டார். ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்லும் வற்புறுத்தல் இது. தண்டனைச் சட்டம் தடுக்கும் செயலைச் செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும், சட்டவிரோதமாகச் சொத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதில் அடங்கும். ‘வைத்தார்கள்’ முழு வலுவோடு நிற்கும் இடம் இதுதான். ஆனாலும் தனியாக விடாதீர்கள். என்ன சொல்லி மிரட்டினார்கள், எத்தனை பேர், எந்த இடம் என்பது முன்னால் வர வேண்டும்.

மருந்துக்கும் சோற்றுக்கும் அவரையே நம்பியிருந்தேன், அவர் சொன்னதால் ரேகை போட்டேன். மிரட்டல் இல்லை. 16ஆம் பிரிவின் தகாத செல்வாக்கு இங்கே வருகிறது. வயது, நோய், மன வேதனை இவற்றால் தளர்ந்திருப்பவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர், அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைவதைப் பற்றிய பிரிவு அது. இங்கே கட்டாயம் எந்த வினையிலும் தெரியாது. ‘போட்டேன்’ என்ற சாதாரணச் சொல்தான் வரும். அதனால் யார் யாரை நம்பியிருந்தார்கள் என்பதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

உதவித்தொகைக்கான படிவம் என்று சொல்லி ரேகை வாங்கினார்கள். விருப்பம் இருந்தது, அது வேறொரு தாளின் மேல் இருந்த விருப்பம். 17ஆம் பிரிவின் மோசடி. இதற்கு ‘வாங்கினார்கள்’ போதும். ‘வைத்தார்கள்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு ‘மிரட்டினார்களா?’ என்ற கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடும். அந்தப் பெரியவருக்கு நடந்தது போல.

அவருக்கு நான் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டவர் கவனிக்காமல் போனால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அதாவது மகன் ‘போட வைத்தான்’ என்று பெரியவர் நிறுவ வேண்டிய தேவையே இல்லை. ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான், அந்த நிபந்தனையின் மேல் எழுதிக் கொடுத்தேன், இந்தத் தேதியிலிருந்து சாப்பாடு தரவில்லை’ என்ற உண்மையை எழுதியிருந்தால் போதும். அந்த உண்மை அவர் வாயிலேயே இருந்தது. நான்தான் ஒரு சொல்லைப் போட்டு அதை மறைத்துவிட்டேன். மறுபடி மனு எழுதி, அடுத்த விசாரணைக்கு நானும் கூடப் போனேன்.

ஆள் வைத்துக் கட்டுவதும், ஆளைக் கட்ட வைப்பதும்

பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்து முடிப்பதெல்லாம் வற்புறுத்தல் ஆகிவிடாது. அதற்குத் தமிழில் வேறு அமைப்புகள் உண்டு. ‘ஆள் வைத்துச் சுவர் கட்டினேன்’ என்றால் கூலி பேசி வேலை வாங்கியிருக்கிறேன். ‘ஆளைச் சுவர் கட்ட வைத்தேன்’ என்றால் அந்த ஆள் விரும்பாமல் கட்டியிருக்கிறார். இரண்டிலும் அதே ‘வை’தான். ஆளுக்குப் பக்கத்தில் நின்றால் அமர்த்திக்கொண்டதைக் குறிக்கிறது, மனம் வைத்துச் செய்யும் வினைக்குப் பின்னால் போனால் கட்டாயத்தைக் குறிக்கிறது. ‘வக்கீல் வைத்து எழுதினேன்’ என்று சொல்ல வந்தவர் ‘வக்கீலை எழுத வைத்தேன்’ என்று எழுதிவிட்டால் வக்கீல் வருத்தப்படுவார்.

நம் இலக்கணத்தில் இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்று இரண்டு உண்டு. தச்சன் கட்டினான் என்பதும் சரி, அரசன் கட்டினான் என்பதும் சரி. முதலாமவன் கையால் செய்தவன், இரண்டாமவன் செய்யச் சொன்னவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன் என்றுதான் சொல்கிறோம், அவர் உளி பிடிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தாலும். 1010ஆம் ஆண்டில் பணி நிறைவுற்ற அந்தக் கோயிலின் கல்வெட்டில் அரசர் கூற்றாகவே ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்று இருக்கிறது. எடுப்பித்தல் பிறவினை. பிறரைக் கொண்டு எழுப்பியதை ஒளிவில்லாமல் சொல்கிறது, ஆனால் அந்தச் சொல்லில் சாட்டை தெரியவில்லை. ‘சிற்பிகளைக் கோயில் எடுக்க வைத்தான்’ என்று இன்றைய தமிழில் மாற்றிப் பாருங்கள், உடனே சாட்டை வந்துவிடும். வி, பி சேர்ந்த பழைய பிறவினைகள் பெரும்பாலும் இப்படிச் சாதுவானவை. கற்பித்தார், அறிவித்தார், தெரிவித்தார், வருவித்தார். எதிலும் கட்டாயம் இல்லை. ‘கற்பித்தார்’ என்பதையும் ‘கற்க வைத்தார்’ என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் எதில் பிரம்பு இருக்கிறது என்று காதுக்கே தெரியும். வற்புறுத்தலைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் இந்தப் பழைய வடிவம் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவேன். எல்லா வினைக்கும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் ‘செய்தார்’ கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும்: வெளியேறச் செய்தார், திரும்பச் செய்தார்.

‘சொன்னார்’ என்பதையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். ‘போடச் சொன்னார், நான் போடவில்லை’ என்று எழுதலாம். ‘போட வைத்தார், நான் போடவில்லை’ என்று எழுத முடியாது. காரியம் முடிந்ததையும் ‘வைத்தார்’ சேர்த்துச் சொல்லிவிடுகிறது, ‘சொன்னார்’ சொல்வதில்லை. ஆகவே ‘போடச் சொன்னார்’ என்று எழுதினால் போட்டீர்களா இல்லையா என்ற அடுத்த வாக்கியம் கட்டாயம் வர வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனதால் திரும்பி வந்த மனுக்கள் நிறைய.

வற்புறுத்தல் ‘விடவில்லை’யில் ஒளிந்திருக்கும்

மனுதாரர் ‘வைத்தார்’ என்று சொல்லவே மாட்டார், ஆனால் அவருக்கு நடந்தது முழுக் கட்டாயமாக இருக்கும். செங்கல் சூளைகளிலிருந்து வருகிறவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். மனைவியின் கையில் மண் வெடித்து வெடித்துக் கோடுகளாக இருந்தது. ‘யாராவது கட்டாயப்படுத்தினார்களா?’ என்று கேட்டேன். ‘இல்லை அக்கா, நாங்களாகத்தான் போனோம். முன்பணம் வாங்கியிருந்தோம். வேலை பார்த்தோம்’ என்றார் கணவர். எல்லாமே தன்வினை. போனோம், வாங்கினோம், பார்த்தோம். அதை அப்படியே எழுதியிருந்தால் அது வெறும் கூலித் தகராறு.

கேள்வியை மாற்றினேன். ‘தீபாவளிக்கு ஊருக்குப் போனீர்களா?’

‘விடவில்லை.’

‘பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது?’

‘அவளை மட்டும் விட்டார்கள். என்னையும் பெரியவனையும் விடவில்லை.’

‘வேறு சூளைக்குப் போய்ச் சம்பாதித்துக் கடனை அடைக்கிறேன் என்று கேட்டீர்களா?’

‘கேட்டேன். பணத்தை வைத்துவிட்டு நகரு என்றார்.’

ஒருவர் தாமாகத் தொடங்கிய செயலில் வற்புறுத்தலைத் ‘தொடங்க வைத்தார்களா’ என்று தேடினால் கிடைக்காது. ‘நிறுத்த விட்டார்களா’ என்று தேட வேண்டும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இப்படி முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதைத்தான் ஒழிக்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அல்ல, வறுமையும் பசியும் வேறு வழியில்லாமல் தள்ளுவதும் கட்டாயமே என்றும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பவர் அரசியல் சாசனத்தின் 23ஆவது உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பைத்தான் செய்கிறார் என்றும் சொன்னது. அந்தக் குடும்பத்தின் மனுவில் நான் ‘வேலை செய்ய வைத்தார்’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ‘விடவில்லை’ என்பதை ஐந்து இடங்களில், தேதியோடு எழுதினேன். கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டிய படியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

‘விட்டார்’ என்பதும் முன்னால் நிற்கும் வினைக்கேற்ப நிறம் மாறும். போக விட்டார், பேச விட்டார் என்றால் அனுமதி. விழ விட்டார், பட்டினி கிடக்க விட்டார் என்றால் கவனக்குறைவு, கைவிடல். விரும்பிச் செய்வதற்கு வழி விட்டால் நல்லவர், தானாக நேரும் கேட்டைத் தடுக்காமல் விட்டால் பொறுப்பற்றவர். விடுதியில் நடந்ததைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ‘மாணவியை வெளியே போக விட்டார்’ என்பதும் ‘காய்ச்சல் முற்ற விட்டார்’ என்பதும் காப்பாளரின் மேல் வெவ்வேறு எடையை ஏற்றுகின்றன.

செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கையெழுத்துப் போட வைக்கப்பட்டேன்’ என்பது காதுக்கும் கரடுமுரடு, யார் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பெயர் சொல்ல அச்சமாக இருந்தால் ‘அங்கே இருந்த மூவரில் ஒருவர்’ என்றாவது எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் மனுவை உரக்கப் படித்துக் காட்டுவேன். ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, ‘இது இப்படித்தான் நடந்ததா?’ என்று கேட்பேன். போன மாதம் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருத்தி வந்திருந்தாள். அவள் பெயரில் இன்னொரு பெண் 40,000 ரூபாய் கடன் எடுத்திருந்தாள், பணம் இவள் கைக்கு வரவில்லை. ‘கையெழுத்துப் போட வைத்துவிட்டாள் அக்கா’ என்றுதான் தொடங்கினாள். விசாரித்தால், வருகைப் பதிவு என்று சொல்லித் தாளை நீட்டியிருக்கிறாள் அந்தப் பெண், எல்லாரும் போட, இவளும் போட்டிருக்கிறாள். ‘வருகைப் பதிவு என்று கூறி என்னிடம் கையெழுத்து வாங்கினார்’ என்று எழுதிப் படித்தேன்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. ‘வாங்கினார் என்றால் நானாகக் கொடுத்தது போல இருக்கிறதே அக்கா.’

‘கொடுத்தாயா, இல்லையா?’

கொஞ்ச நேரம் மை ஒற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கொடுத்தேன். எதற்குக் கொடுக்கிறேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.’

அதையே அடுத்த வரியாக எழுதினேன்: ‘கையெழுத்து நான் போட்டதுதான். அது கடன் தாள் என்பது எனக்குத் தெரியாது.’ மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கிக் கீழே தன் பெயரை எழுதினாள்.